வியாழன் கிரகத்தில் ஒரு கட்டுமரம்

தப்பைத் திருத்தினால் சண்டைக்கு வருகிற ஒரே மனிதரை நான் செம்பாக்கத்தில்தான் பார்த்தேன். தப்பு செய்கிறவர்களை அவர் ஒன்றும் சொல்லமாட்டார். பேப்பர் போடுகிறவர் வேறு பேப்பரைப் போட்டுவிட்டுப் போனால் அதையே படித்துக்கொள்வார். லிஃப்ட் இரண்டாவது மாடிக்குப் பதில் மூன்றாவது மாடியில் கொண்டுபோய் விட்டால் சிரித்துக்கொண்டே படியிறங்கி வருவார். ஆனால் எங்கேயாவது யாராவது எதையாவது சரிசெய்துவிட்டார்கள் என்று காதில் விழுந்தால் போதும், மனிதருக்கு ரத்தம் கொதிக்கும்.

எங்கள் குடியிருப்பில் அவருக்குப் பெயர் ‘ஒரிஜினல்’. அப்பா அம்மா வைத்த பெயர் கீழே தபால் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. தபால்காரரே அதைப் படிப்பதில்லை. “ஒரிஜினல் சார், ஒரு கையெழுத்து” என்றுதான் குரல் கொடுப்பார். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் வீட்டு வாசலுக்கு நேர் எதிர் வாசல். அவர் மனைவி லலிதா அக்கா அஸ்தினாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டில் நிதானம் முழுவதும் அவரிடம்தான் இருந்தது.

பட்டப்பெயருக்குக் காரணம் ஒரு சினிமா. ‘வியாழன் வாசல்’ என்று ஒரு படம். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அது வந்த காலத்திலேயே யாரும் பார்க்கவில்லை. தமிழன் ராக்கெட் ஏறி வியாழன் கிரகத்துக்குப் போகிற கதை. ராக்கெட் என்பது இரண்டு இட்லிக் குண்டான்களை வாய்க்கு வாய் வைத்து ஒட்டியது. அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் கம்பி பின்வரிசை டிக்கெட்காரருக்கும் தெரியும். கதாநாயகன் வெள்ளிக் கலர் உடை போட்டிருப்பார். காலில் ஹவாய் செருப்பு. வியாழன் கிரகத்துக் கடற்கரை என்று காட்டியது நம் கோவளம். அந்தக் காட்சியில்தான் விசேஷம். மனித வாடையே இல்லாத கிரகம் என்று கதாநாயகன் உருகி உருகி வசனம் பேசிக்கொண்டிருக்க, அவர் தோளுக்குப் பின்னால் ஒரு கட்டுமரம் போகும். அதில் ஒருவர் நின்றுகொண்டு துடுப்புப் போடுவார். போகிற போக்கில் கேமராவைத் திரும்பிப் பார்ப்பார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்வார். போய்விடுவார்.

பள்ளிக்கூட வயதில் தாம்பரத்தில் ஒரு தியேட்டரில் இதைப் பார்த்ததிலிருந்து ஒரிஜினலுக்கு வேறு படமே பிடிக்காமல் போய்விட்டது. பிற்காலத்தில் டிவியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டபோது கேசட்டில் பதிந்து வைத்துக்கொண்டார். நடுநடுவே சோப்பு விளம்பரம், கீழே புயல் எச்சரிக்கை, எல்லாவற்றோடும். அந்தக் கேசட்டை அரிசி டிரம்முக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் புதைத்து வைத்திருந்தார். ஈரம் தாக்காதாம். லலிதா அக்கா சாதத்துக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் வியாழன் கிரகத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

“ஏன் சார், ஒரு கடையில குடுத்து சிடி போட்டுக்கலாமே?” என்று குடிவந்த புதிதில் அப்பாவியாகக் கேட்டுவிட்டேன்.

“அந்தப் பேச்சை எடுக்காதீங்க” என்றார். “எங்க கல்யாண கேசட்டை ஒரு கடையில குடுத்தேன். சிடி போட்டுத் தரேன்னான். வந்து பாத்தா தாலி கட்டறப்ப மேலேர்ந்து ஹார்ட்டு ஹார்ட்டா கொட்டுது. நாதஸ்வரத்தைக் காணோம், ஏதோ டூயட் பாடுது. எங்கப்பா அழுதுட்டிருப்பார், அவரைச் சுத்தி ரோஜாப்பூ பார்டர்.”

“கேசட்டைத் திரும்ப வாங்கி...”

“அதுமேல வேற யாரோ காதுகுத்தைப் பதிஞ்சுட்டான்.”

உள்ளேயிருந்து லலிதா அக்கா குரல் கொடுத்தார். “என் மூஞ்சியையும் வெள்ளையாக்கிட்டான் சார். பக்கத்துல நிக்கறது யாருன்னு இவரே ரெண்டு நாள் கேட்டுக்கிட்டிருந்தார்.”

ஒரு பொங்கலுக்கு எங்கள் குடியிருப்பு மொத்தத்துக்கும் அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டினார். இட்லிக் குண்டான் புறப்பட்டதும் ஆரம்பித்த சிரிப்பு கடைசிவரை நிற்கவில்லை. அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். மனிதர் எங்களைவிடச் சத்தமாகச் சிரித்தார். கட்டுமரம் வந்தபோது நான் விளையாட்டாக டிவித் திரையைச் செல்போனில் ஒரு படம் எடுத்தேன்.

“வியாழன்ல தரையே கிடையாது சார், வெறும் வாயு” என்றார் பூரிப்போடு. “கடல் எங்கேர்ந்து வரும்? கட்டுமரம் எங்கேர்ந்து வரும்? அத்தனையும் தப்பு. ஆனா எடுத்தவன் காசில்லாம, ஆசையில எடுத்தான் பாருங்க, அது இந்தத் தப்புலதான் தெரியுது.”

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. ‘வியாழன் வாசல்’ புதுப்பொலிவுடன், நவீன தொழில்நுட்பத்தில், வீட்டுத் திரைக்கே வருகிறது. கோட்டையும் கறையையும் மட்டும் துடைத்திருப்பார்கள் என்று நினைத்து ஒரிஜினல் சந்தோஷத்தில் குதித்தார். பெரிய டிவி வாங்கினார். சந்தா கட்டினார். வடை போடச் சொல்லி எங்களையெல்லாம் கூப்பிட்டார்.

படம் ஆரம்பித்தது. இட்லிக் குண்டான் இல்லை. பளபளவென்று ஏதோ ஒன்று நெருப்புக் கக்கிக்கொண்டு போயிற்று. கம்பி இல்லை. ஒரிஜினல் கையில் எடுத்த வடையைத் தட்டில் வைத்தார். ஹவாய் செருப்பு இருந்த இடத்தில் முழங்கால் வரை பூட்ஸ். “பரவால்ல, பரவால்ல” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கோவளம் வந்தது. கடல் ஊதா நிறத்தில் இருந்தது. வானத்தில் புதிதாக நிலாக்கள் முளைத்திருந்தன. கதாநாயகன் மனித வாடையே இல்லை என்று உருகினார். உண்மையிலேயே இல்லை.

“கட்டுமரம் எங்க?” என்றார் ஒரிஜினல்.

எழுந்து திரைக்குக் கிட்டே போனார்.

“ஆளு எங்கங்க? இப்ப திரும்பிப் பாப்பாரே... எங்க?”

முடிவையும் மாற்றியிருந்தார்கள். பழைய படத்தில் கதாநாயகன் திரும்பி வரமாட்டார். புதியதில் திரும்பி வந்து கதாநாயகியோடு ஆடினார். ஒரிஜினல் எழுந்துபோய்ப் படுத்துவிட்டார். வடையை நாங்கள்தான் சாப்பிட்டோம்.

மறுநாள் காலையில் வாடிக்கையாளர் சேவை மையத்துக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எதிர் வீட்டில் எனக்கே கேட்டது.

“படத்துல கட்டுமரம் காணோம்மா.”

“சார், உங்க இன்டர்நெட் ஸ்பீட் செக் பண்ணிக்கோங்க.”

“ஸ்பீடெல்லாம் நல்லாருக்கு. ஒரு மனுஷனைக் காணோம்.”

“ஒருவாட்டி லாக்அவுட் பண்ணிட்டு லாகின் பண்ணுங்க சார். வந்துடும்.”

செய்து பார்த்தார். பாவம், நம்பித்தான் செய்து பார்த்தார்.

பிறகு என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு பல்லாவரத்துக்குப் போனார். பழைய தயாரிப்பாளர் காலமாகி, அவர் மகன் அங்கே ஆபீஸ் வைத்திருந்தார். நல்ல பையன். ஏசி போட்டார், காபி கொடுத்தார்.

“புதுசு வேண்டாம்னு சொல்லலை தம்பி” என்றார் ஒரிஜினல். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாக்கியம் அது. “புதுசு பாக்கறவங்க புதுசு பாக்கட்டும். பழசையும் பக்கத்துல ஒரு ஓரமா வைங்க. யாருக்கு எது வேணுமோ பாத்துக்கட்டும்.”

“பழசு இல்லையே அங்கிள்.”

“இல்லைன்னா?”

“ஃபிலிம் எல்லாம் கெட்டுப்போய், வினிகர் வாசனை அடிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. ஸ்கேன் பண்ண முடிஞ்ச வரைக்கும் பண்ணிட்டு டிஸ்போஸ் பண்ணிட்டோம்.”

“அப்ப ஸ்கேன் பண்ணது இருக்குமே!”

“அது மேலதானே வேலை பண்ணினோம். ரெண்டு ரெண்டா வச்சுக்க இடம் எங்க அங்கிள்? ஸ்டோரேஜ் என்ன விலை விக்குது!” பையன் சிரித்தார். “அப்பா இருந்திருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார். அந்தக் கம்பி தெரியறதுதான் அவருக்குக் கடைசி வரைக்கும் அவமானம்.”

ஒரிஜினல் காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். வெளியே வந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, “அவமானமாமே சார்” என்றார். பஸ் தூரத்தில் தெரிந்ததும், “அப்ப உலகத்துல மிச்சம் இருக்கறது எங்க வீட்டு அரிசி டிரம்மு மட்டும்தானா?” என்றார். முகத்தில் பெருமை இல்லை. பயம்தான் இருந்தது.

அந்தப் பயத்தில் கல்யாண கேசட் அனுபவத்தையும் மறந்து, காப்பி எடுத்துத் தர ஆளைத் தேட ஆரம்பித்தார். அடையாறில் பழைய டேப்புகளை உள்ளது உள்ளபடியே கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிற ஒருவர் அகப்பட்டார். கேசட்டைத் திறந்து பார்த்தவர், “பூஞ்சை பிடிச்சிருக்கு சார். என் மெஷினுக்கு ஒரு பார்ட் வரணும். அடுத்த வாரம் எடுத்துட்டு வாங்க. நடுவுல ஆசைப்பட்டுப் போட்டுப் பாத்துடாதீங்க. இருக்கற நிலைமைக்கு ஒருவாட்டி ஓடும், அதுக்கு மேல நான் சொல்லமாட்டேன்” என்றார்.

அடுத்த வாரம் வரை மனிதரால் சும்மா இருக்க முடிந்ததா? கட்டுமரத்தில் போனவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். நான் பொங்கலன்று செல்போனில் எடுத்த படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டுக்கொண்டார். அதில் ஆள் இருந்தது தீக்குச்சி அளவு. முகம் ஒரு கறுப்புப் புள்ளி. அதை எடுத்துக்கொண்டு கோவளத்தில் படகுகள் கரையேறுகிற இடத்தில், மீன் ஏலத்துக்கு நடுவே போய் நின்று ஒவ்வொருவராகக் காட்டினார். கூடவே நான், வஞ்சிரம் வாங்க வந்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டு.

“இன்னா சார், மீன் வாங்க வந்தியா, ஆள் புடிக்க வந்தியா?”

“போலீசு போலக் கீதுடி. ஓரமா நில்லு.”

“அய்ய, இந்த மூஞ்சியா போலீசு?”

சிரித்துச் சிரித்துப் படம் கைமாறிக்கொண்டே போனது. கூடையோடு உட்கார்ந்திருந்த கன்னியம்மா என்ற அம்மாளிடம் வந்தபோது நின்றது. அறுபதை நெருங்கியிருக்கும். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஒரு காலை மடக்கிக்கினு நிக்கிறாரு பாரு” என்றார். “எங்கப்பா இப்டித்தான் நிக்கும். முட்டில அடிபட்ட காலு. இந்தக் கரையில வேற யாரும் இப்டி நிக்கமாட்டாங்க.”

பக்கத்திலிருந்தவர்கள் எட்டிப் பார்த்து ஆமாம் ஆமாம் என்றார்கள். கன்னியம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோதே கடலுக்குப் போன அப்பா திரும்பி வரவில்லையாம். உடம்பும் கிடைக்கவில்லை. வீட்டில் ஒரு போட்டோ கிடையாது.

“இது போட்டோதானே சார்” என்றார் கன்னியம்மா. “நீ சினிமான்றியே. அதுல அப்பா ஆடுமா? அசையுமா?”

“அசைவாரும்மா” என்றார் ஒரிஜினல். “துடுப்புப் போடுவார். திரும்பிப் பாப்பார். நெத்தியைத் தொடைச்சுப்பார்.”

கன்னியம்மா அட்ரஸைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் காப்பி எடுத்து நாங்களே கொண்டுவந்து காட்டுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

கன்னியம்மாவுக்கு அடுத்த வாரம் வரை பொறுமை இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம், கடல் சரியில்லை, படகு போகவில்லை என்று, பஸ் மாறி பஸ் மாறி செம்பாக்கத்துக்கு வந்துவிட்டார். தலைக்குப் பூ வைத்துப் புதுப் புடவை கட்டியிருந்தார். லலிதா அக்காவுக்கு ஒரு பை நிறைய இறால். சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, “போடு சார்” என்றார்.

ஒரிஜினல் என்னைப் பார்த்தார். நான் லலிதா அக்காவைப் பார்த்தேன். “அடுத்த வாரம்...” என்று ஆரம்பித்தவர், அந்தம்மா தலையில் இருந்த பூவைப் பார்த்தாரோ என்னவோ, மேலே பேசாமல் அரிசி டிரம்மைத் திறந்தார்.

ஓடிற்று. கோடு கோடாக, நடுங்கிக்கொண்டு, ஆனால் ஓடிற்று. சோப்பு விளம்பரம் வந்தது. இட்லிக் குண்டான் பறந்தது. கன்னியம்மா சிரிக்கவில்லை, கோயிலில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார். கோவளம் வந்ததும் நான் செல்போனை எடுத்துப் பதிய ஆரம்பித்தேன். கட்டுமரம் திரைக்குள் வந்தது. கன்னியம்மா எழுந்து டிவிக்குக் கிட்டே போய்விட்டார். என் செல்போனில் பதிந்ததெல்லாம் அந்தம்மாவின் முதுகும் பூவும்தான். கட்டுமரம் அந்த முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. “அப்பா” என்று ஒரு குரல் மட்டும் பதிந்திருக்கிறது.

ஒரிஜினல் ஓடிவந்து படத்தை நிறுத்தினார். கேசட்டை வெளியே எடுக்கக் கையை நீட்டினார்.

“இன்னொரு தபா காட்டு சார்” என்றார் கன்னியம்மா. “கண்ணுல தண்ணி வந்துகிச்சு. மூஞ்சிய செரியா பாக்கல.”

அடையாறுக்காரர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவருக்கும் நினைவிருந்தது. “சார், வேணாம்” என்று நான் மெல்லச் சொன்னேன். ஒரு படத்துக்காகப் பெரிய டிவி வாங்கியவர், போன் போட்டுப் போராடியவர், பல்லாவரத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவர், அந்தப் படத்தின் கடைசிப் பிரதி உள்ளே இருந்த கேசட் பெட்டியின் முன்னால், நீட்டிய கையோடு ஒரு நிமிஷம் நின்றார்.

“அவங்க அப்பா சார்” என்றார். பின்னோக்கி ஓட்டுகிற பட்டனை அமுக்கினார்.

பெட்டிக்குள் முதலில் கீச்சென்று ஒரு சத்தம். அப்புறம் முறுக்குக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. மூடியைத் திறந்து பார்த்தபோது டேப் உருளைகளில் சுற்றிக்கொண்டு, கசங்கி, கறுப்பு மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரிஜினல் அதை ஒவ்வொரு சுற்றாக விரலால் எடுத்தார். எங்கள் யாரையும் தொட விடவில்லை.

“இன்னா சார் ஆச்சு?” என்றார் கன்னியம்மா.

“ஒண்ணுமில்லம்மா. கரண்ட்டு” என்றார் ஒரிஜினல். டிவியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அடையாறுக்காரர் நல்லவர். திட்டவில்லை. ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்டி, முடிந்த அளவு மீட்டுத் தந்தார். கோவளக் காட்சி இருந்த பகுதியில், படம் பதிவதற்காக டேப்மேல் பூசியிருக்கும் கறுப்பு மருந்து மொத்தமும் உதிர்ந்து, டேப் கண்ணாடித் தாள்போல ஆகியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. சோப்பு விளம்பரம் மட்டும் பளிச்சென்று வந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒரிஜினல் யாரோடும் சண்டை போடவில்லை. எங்கள் கட்டடத்துக்கு அழகான கிளிப்பச்சையை மறைத்து சாம்பல் கலர் பெயின்ட் அடித்தார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாலை வேளைகளில் ஏரிக்கரையில் தனியாக நடப்பார். எதிரே போனால், “சாப்டீங்களா?” என்பார். அவ்வளவுதான். லலிதா அக்கா ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, “அவர் சண்டை போடாம வீடு வீடா இல்ல சார். எங்கயாவது கூட்டிட்டுப் போங்களேன்” என்றார்.

“எங்க போலாம் சார்?” என்று கேட்டேன். “கோவளம்” என்றார். “அந்தம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன். போய்ச் சொல்லணும்.”

போனோம். கன்னியம்மா வீட்டுச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அந்தத் தீக்குச்சி மனிதரைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். ஒரிஜினல் நடந்ததைச் சொன்னார். டேப் போய்விட்டது, இனிமேல் எங்கேயும் இல்லை, யாராலும் பார்க்க முடியாது என்று சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே குரல் உடைந்துபோயிற்று.

“அய்ய, நீ இன்னாத்துக்கு சார் அழுவுற?” என்றார் கன்னியம்மா. “பாத்துட்டன்ல நானு. நெத்திய தொட்ச்சிக்கினாரு. பாத்துட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, “மூஞ்சிதான் செரியா தெரில” என்றார்.

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சோழிங்கநல்லூரில் மாறி தாம்பரம் பஸ் பிடித்தோம். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரிஜினல் பேச்சை ஆரம்பித்தார்.

“புதுப் படத்தை மறுபடி மாத்திட்டாங்க சார், தெரியுமா? அந்த டான்ஸை எல்லாரும் கிண்டல் பண்ணாங்களாம். தூக்கிட்டாங்க. போன வாரம் பாத்தா இல்ல.”

“நல்லதாப் போச்சு. உங்களுக்குத்தான் அது பிடிக்காதே.”

“அறவே பிடிக்காது. கண்றாவி டான்ஸு.” ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “ஆனா தூக்கப் போறாங்கன்னு கேள்விப்பட்டதுமே அதையும் ஒரு காப்பி வச்சுக்கிட்டேன். லலிதா திட்டினா. அதுவும் ஒரு நாள் வந்த படம்தானே சார். எவனோ ராத்திரி பகலா உக்காந்து அந்த நிலாவெல்லாம் வரைஞ்சிருப்பான் இல்ல?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“அந்தக் கட்டுமரம் அசையறது இப்ப நாலு பேர் ஞாபகத்துலதான் சார் இருக்கு. நான், லலிதா, நீங்க, அந்தம்மா. பொங்கலுக்குப் பாத்தவங்க எல்லாம் மறந்திருப்பாங்க. நாம நாலு பேரும் போயிட்டா, அந்தாளு திரும்பிப் பாக்கவே இல்லைன்னு ஆயிடும்ல?”

யோசித்து ஏதோ ஒரு பதிலோடு திரும்பினேன். மேடவாக்கம் நெரிசலில் பஸ் நின்றிருந்தது. அதற்குள் அவர் தூங்கிப்போயிருந்தார். தலை மெல்லச் சரிந்து என் தோளில் வந்து சாய்ந்தது.

செம்பாக்கம் ஸ்டாப்பிங் வந்தது. அவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். கண்டக்டர் எங்கள் பக்கம் திரும்பி, “நீங்க எறங்கணும்ல சார்?” என்றார்.

“தாம்பரத்துக்கே ரெண்டு டிக்கெட் குடுங்க” என்றேன்.